உட்காரச் சொல்லாத வீடு

'மாமன்னன்' படத்தை நான் இரண்டாவது முறை பார்த்தது என் மகளுடன். அவளுக்குப் பதினான்கு வயது. மெல்பர்னில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் படத்துக்கு சப்டைட்டில் வேண்டும். வடிவேலு நடித்த சட்டமன்ற உறுப்பினர் தன் கட்சிப் பெரும்புள்ளியின் வீட்டில் நின்றுகொண்டே பேசும் இடத்தில் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"அம்மா, இவர்தானே எம்.எல்.ஏ? ஏன் உட்காரலை?"

"அவங்க உட்காரச் சொல்லலை."

"சொல்லணுமா?"

அன்று எங்களுடன் என் தோழியின் அப்பாவும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எங்கட அப்பா வாத்தியார், பிள்ளை. அவற்ற காலத்தில பள்ளிக்கூடத்தில வாங்குக்கே அடிபட்டவங்கள்."

மகளுக்கு அந்த வாங்கு புரியவில்லை. பெஞ்ச் என்று சொன்னதும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவளுடைய "சொல்லணுமா?" என்னுடன் இருந்தது. தமிழில் தேர்தலையும் பதவியையும் பேசிய சில படைப்புகளை அந்தக் கேள்வியோடு மறுபடி எடுத்துப் பார்த்தேன். நம் எழுத்திலும் சினிமாவிலும் ஜனநாயகத்தைப் பற்றிய கதை பெரும்பாலும் வாக்குச்சீட்டின் கதையாக இல்லை, நாற்காலியின் கதையாகவே இருக்கிறது. யாருக்கு வாக்கு உண்டு என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. யார் உட்காரலாம் என்பதை இன்னும் வீடும் தெருவும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை நினைவிருக்கும். வீட்டுக்கு வந்த சப்ஜட்ஜ் முக்காலியில் உட்கார்ந்து விழுந்துவிட, அந்த வெட்கத்தில் வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்யப்படுகிறது. பிறகு ஊரில் யார் இறந்தாலும் பிணத்தை உட்காரவைக்க அதைக் கேட்டு ஆள் வந்துவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே படிக்கிற கதை. ஆனால் ஒன்றை அது கவனித்திருக்கிறது: நாற்காலி நம் கிராமத்துக்குள் அதிகாரியை உட்காரவைக்க வந்த பொருள். அது எந்த வீட்டில் இருக்கிறது, யாருக்காக இழுத்துப் போடப்படுகிறது என்பதிலெல்லாம் அதிகாரம் தெரிந்தது.

மடோன் அஸ்வினின் 'மண்டேலா' 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியில் வந்தது. இரண்டு நாள் கழித்துத் தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தல். சூரங்குடி என்ற ஊர் இரண்டு சாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஊர்த் தலைவர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு சமாதானம் செய்து வைத்திருக்கிறார். அவருடைய இரண்டு மகன்கள் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார்கள். இரு பக்கமும் வாக்குகள் சமமாக இருக்க, ஆலமரத்தடியில் வாழும் முடிதிருத்துபவரின் ஒரே வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் என்றாகிறது. அதுவரை அவருக்குப் பெயர்கூட இல்லை. சேமிப்புக் கணக்கு தொடங்கப் போன இடத்தில் தபால் அலுவலக ஊழியர் தேன்மொழிதான் நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கிறார்.

யோகி பாபு மிகையில்லாமல் நடித்திருந்தார். கழிப்பறையை முதலில் யார் பயன்படுத்துவது என்ற சண்டையில் கழிப்பறையே உடைந்துபோகும் தொடக்கக் காட்சி, பல அரசியல் கட்டுரைகள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. இருந்தாலும் இரண்டாவது முறை பார்க்கையில் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. இந்தக் கதை நடக்க வேண்டுமானால் மண்டேலா தனி ஆளாக இருக்கவேண்டும். அவருக்கு ஒரு மனைவி இருந்திருந்தால்? வாக்கு இரண்டாகியிருக்கும். அவர் சொல்கிறபடிதான் அவளும் போடுவாள் என்று ஊர் எண்ணிக்கொள்ளும், ஒருவேளை படமும் எண்ணிக்கொள்ளும். ஏனென்றால் இரு தரப்பிலும் வாக்குகளை எண்ணும்போது அந்த எண்ணிக்கையில் பாதிக்குப் பாதி பெண்கள். அவர்களில் ஒருத்திகூட மாற்றிப் போடமாட்டாள் என்பதில் வேட்பாளர்களுக்குச் சந்தேகமே வரவில்லை, திரைக்கதைக்கும் வரவில்லை. சாதி வாக்கு வங்கியைக் கிண்டல் செய்கிற படம், அந்த வங்கிக்குள் பெண்களின் வாக்கு கேட்காமலே சேர்த்துக்கொள்ளப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சிறுபான்மைச் சாதியைச் சேர்ந்த ஒருவரின் வாக்குக்கு மதிப்பு வர இரு பெரும்பான்மைகளும் சரிசமமாக இருக்கவேண்டும். அது கதையில் நடக்கும். நான் வளர்ந்த ஊரில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் இரண்டிரண்டு குடும்பங்கள். அவர்கள் வாக்கு எந்தத் தேர்தலையும் தீர்மானித்ததில்லை. யாரும் அவர்களுக்குப் பரிசு கொண்டுபோனதும் இல்லை.

'மாமன்னன்' 2023இல் வந்தது. மாரி செல்வராஜ் இந்தப் படத்தில் நாற்காலியையே கதையின் நடுவில் போட்டார். தனித்தொகுதியில் வென்ற ஒருவர் தன்னைவிடப் பதவியில் சிறியவர்களின் முன்னால் நிற்கிறார். மகன் வற்புறுத்தி அவரை உட்காரவைக்கிற அந்தக் கணத்திலிருந்து கதை வெடிக்கிறது. வடிவேலுவின் உடம்பு அந்த நாற்காலியில் படுகிற பாட்டை, அவர் உட்கார்ந்தும் உட்காராமலும் இருப்பதை, வசனமில்லாமலே பார்க்கலாம். பல ஆண்டுகள் நம்மைச் சிரிக்கவைத்த அந்த உடம்பு எத்தனை படங்களில் யார் யார் முன்னால் கூனி நின்றிருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படத்தின் முடிவில் மாமன்னன் சட்டப்பேரவைத் தலைவர் ஆகிறார். எல்லோரும் எழுந்து நிற்க அவர் அமர்கிற நாற்காலி. பார்த்தவர்கள் பலர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். நானும் கலங்கினேன். ஆனால் இந்த முடிவை நம் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு தலித் பேரவைத் தலைவராவது தமிழகத்தில் புதிதல்ல. 2012 முதல் 2021 வரை பி. தனபால் அந்த இருக்கையில் இருந்தார். அதற்கும் வெகு முன்னால், 1946லேயே, ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மாகாணப் பேரவையின் தலைவரானார். இந்தியாவுக்கு விடுதலை வருவதற்கு முன்பே கிடைத்துவிட்ட நாற்காலி அது.

இனி கீழே வருவோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்து ஆண்டுகள் ஒழுங்காக ஒரு தேர்தலை நடத்த முடியவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரின் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வழக்குப் பதிவானது, நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. அப்போது கோட்டையில் பேரவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் தனபால்.

ஆகவே மேலே உள்ள நாற்காலியைக் கொடுப்பது ஒப்பீட்டளவில் எளிது என்றுதான் எனக்குப் படுகிறது. அதைக் கட்சித் தலைமை கொடுக்கிறது, கொடுத்த பெருமையும் தலைமைக்கே சேர்கிறது. ஊராட்சி நாற்காலி அப்படியல்ல. அது யாருடைய நெல்லை யார் அறுக்கிறார்கள், யார் தெருவில் யார் செருப்போடு நடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த இடத்தில் கிடக்கிறது. என் தொழிலில் ஒருவருக்கு மென்பொருளில் ஒரு பதவியைச் சூட்டுவது ஒரு நிமிட வேலை. அந்தப் பதவிக்கு என்னென்ன அனுமதிகள் என்பதைத் தனியாகத்தான் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பெயர் பெரிதாக இருக்கும், எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததும் இதைத்தான்: அரசியலில் சமத்துவம், சமூக வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்றார். 'மாமன்னன்' முக்கால்வாசிப் படத்தில் அந்த முரண்பாட்டின் உள்ளே நிற்கிறது. கடைசியில் அவரை மிக உயரமான நாற்காலிக்கு ஏற்றிவிட்டு, ஆரம்பத்தில் அவர் நின்ற அந்த வீட்டுக் கூடத்தை மறந்துவிடுகிறது. பேரவைத் தலைவரான பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்வார்களா? எனக்கு அந்தக் காட்சிதான் வேண்டியிருந்தது.

பெண்கள் விஷயத்திலும் படம் பாதியில் நின்றுவிடுகிறது. லீலா நடத்தும் இலவசப் பயிற்சி மையத்தைத் தாக்குவதில்தான் கதை சூடுபிடிக்கிறது. அதன்பின் அது தந்தை, மகன், எதிரி என்ற மூன்று ஆண்களின் கதை. 2021இல் தமிழகச் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். தலித்துகளுக்கு 44 தொகுதிகளும் பழங்குடியினருக்கு 2 தொகுதிகளும் சட்டப்படி உண்டு. பெண்களுக்கு அங்கே அப்படி எதுவும் இல்லாதபோது கட்சிகள் தாமாகக் கொடுத்த இடம் இவ்வளவுதான். தனித்தொகுதி நாற்காலிக்கு ஒரு மதமும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது முதலில் இந்துக்களுக்கு மட்டும், பிறகு சீக்கியர்களுக்கும் பௌத்தர்களுக்கும் என்று ஆனது. கிறிஸ்தவரான தலித் அந்தத் தொகுதியில் நிற்க முடியாது. மாதா கோயிலில் தனி வரிசையில் உட்காரவைக்கும்போது மட்டும் அவருடைய சாதி எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் பார்த்த படங்களில் இவரைச் சந்திக்கவில்லை.

சாதியையும் பெண்ணையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தது நம் புனைகதைதான். ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. காத்தமுத்து தலித் மக்களின் வழக்குக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர். வீட்டுக்குள் மனைவிமாரை அடக்கி ஆள்கிறவரும் அவர்தான். மகள் கௌரி இரண்டையும் பார்க்கிறாள். அந்த நாவல் வந்தபோது எழுந்த சங்கடமும் அதனால்தான். பிற்பாடு சிவகாமி தன் நாவலையே கேள்வி கேட்டு ஓர் ஆசிரியர் குறிப்பையும் எழுதிச் சேர்த்தார்.

இமையத்தின் 'வாழ்க வாழ்க' குறுநாவலை இங்கே கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். விருத்தாசலத்தில் ஒரு பொதுக்கூட்டம். கிராமத்திலிருந்து பெண்களைக் காசு பேசி வண்டியில் ஏற்றி வருகிறார்கள். வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். வரப்போகிற தலைவர் ஒரு பெண், வானத்திலிருந்து வரவேண்டும். இதற்கிடையில் நாற்காலிக்குச் சண்டை வருகிறது. யார் முன்னால் யார் உட்காருவது என்பது சாதிச் சண்டையாக மாறுகிறது. சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் ஏழைகள், எல்லோரும் அதே கூலிக்கு வந்தவர்கள். இமையம் யாரையும் தாழ்த்தவில்லை, யாருக்காகவும் அழவும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அவர்களுடையதும் இல்லை, கூட்டம் முடிந்தால் வாடகைக் கடைக்குப் போகப்போவது. அதற்குள்ளும் தெருவின் வரிசையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். மேடையில் உச்சாணி நாற்காலியில் ஒரு பெண் அமர்வதால் கீழே உள்ள பெண்ணின் நிலை மாறாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

இந்தக் குறுநாவலைப் படித்த இரவில்தான் என் அத்தை ஞாபகத்துக்கு வந்தார். வராமல் இருக்க இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

லால்குடிப் பக்கம் எங்கள் ஊர். அதே 1996 தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட, அத்தை பிரசிடெண்ட் ஆனார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், தினமும் செய்தித்தாள் வாசிப்பவர். ஆனால் கூட்டம் நடந்தது வாசல் திண்ணையில். அங்கே நாற்காலியில் மாமா இருப்பார். ஊர்க்காரர்கள் பிரசிடெண்ட் என்று கூப்பிட்டதும் அவரைத்தான். அத்தை சமையல்கட்டில் இருப்பார். தீர்மான நோட்டைத் திண்ணையிலிருந்து உள்ளே எடுத்துப்போய் அவரிடம் கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. எனக்கு அப்போது பதினாறு வயது. அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அடுப்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை தெருவிளக்குத் தீர்மானத்தில் காலனியின் பெயர் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து, "மாமாகிட்ட இதைக் கேளு" என்று திருப்பி அனுப்பினார். மாமா, "அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லு" என்றார். அத்தை கையெழுத்துப் போட்டார்.

கதை இங்கே முடிந்தால் எனக்கு வசதி. பெண் என்பதால் ஒதுக்கப்பட்ட என் அத்தையைப் பற்றி நல்ல கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் நோட்டு இன்னோர் இடத்துக்கும் போகும். காலனியிலிருந்து தேர்வான வார்டு மெம்பர் திண்ணைக்கு வரமாட்டார். வாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் நிற்பார். நோட்டை நான் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு ஓரெட்டு பின்னால் வருவேன். அவர் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்ததும் எடுத்துக்கொள்வேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவருக்கு என் அப்பா வயது. அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை "பாப்பா" என்றார், "வாங்க பாப்பா" என்றார். அத்தை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். தெருவிளக்கைக் கேட்டவர், அவரை உட்காரச் சொல்லவில்லை.

நாற்காலி மறுக்கப்பட்டவர் இன்னொருவருக்கு நாற்காலியை மறுக்க முடியும். பெண்களுக்கு ஒதுக்கீடு, தலித்துகளுக்கு ஒதுக்கீடு என்று நாம் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்கையில், எங்கள் வாசலில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்ததும், மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டதும் வேண்டியவைதான். ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த நோட்டு சமையல்கட்டுக்கும் வேப்பமரத்தடிக்கும் வந்தே இருக்காது. ஆனால் சட்டம் நோட்டைக் கொண்டுவந்தது, நாற்காலியைக் கொண்டுவரவில்லை. அந்த வேலை வீட்டில் இருந்த எங்களுடையது.

தோழியின் அப்பா சொன்ன வாங்குச் சண்டையும் இதுதான். 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இளைஞர் காங்கிரஸ் ஆதரித்தது, சாதிமான்கள் எதிர்த்தார்கள். 1931இல் இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அதை எதிர்த்தவர்களில் பொன்னம்பலம் இராமநாதனைப் போன்ற தமிழ்த் தலைவர்களும் உண்டு. வாக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலான பிறகும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையப் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' அந்த மண்ணில் இருந்து வந்தது.

இங்கே ஆஸ்திரேலியாவில் வாக்களிக்காவிட்டால் அபராதம். பள்ளிக்கூட வாசலில் சாசேஜ் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று வாக்களிக்கிறோம். அங்கே இப்போது எனக்கு வாக்கு இல்லை, குடியுரிமையை மாற்றிக்கொண்டேன். இருந்தும் ஊர் அரசியலைப் பற்றி வாட்ஸப்பில் தீர்ப்புச் சொல்கிறேன். நான் உறுப்பினராக இருக்கும் தமிழ் அமைப்பில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. "ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறோம். பொங்கல் விழாவில் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. மேடை நாற்காலிகளில் ஆண்கள் இருக்கிறார்கள், நாங்கள் பின்னால் தட்டில் வடை அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் பேசிய இரண்டு படங்களிலும் சாதிப் பெயர்கள் சொல்லப்படவில்லை. 'மண்டேலா'வில் வடக்கூர், தெக்கூர். 'மாமன்னன்'இல் ஒரு பக்கம் பன்றி, ஒரு பக்கம் நாய். தணிக்கையும் வியாபாரமும் அதற்குக் காரணமாக இருக்கலாம், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதனால் ஒரு வசதி வந்துவிடுகிறது. முதல் முறை பார்த்தபோது அந்த வீட்டை நான் வேறு யாருடைய வீடாகவோ பார்த்தேன், அந்தப் பணக்கார வில்லனை வேறு யாராகவோ வெறுத்தேன். நின்றவரோடு சேர்ந்து நானும் நின்றதாக எண்ணிக்கொண்டு கண் கலங்கினேன். சப்டைட்டில் வைத்துப் பார்த்த மகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அவளால் கேட்க முடிந்தது.

அடுத்த வாரம் அவளைக் காரில் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகையில் சொன்னேன். அந்தப் படத்தில் வருகிற மாதிரியான வீடுதான் நம் வீடும் என்று. வேப்பமரத்தையும் தொட்டியையும் நோட்டையும் சொன்னேன். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம், அதில் என்ன என்றாள். அதை விளக்க எனக்கு அந்தப் பயணம் முழுவதும் ஆனது.

இறங்கும்போது கேட்டாள், "அந்த அங்கிள் இப்ப எங்க இருக்கார்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக ஊருக்குப் போய் வருகிறேன். கேட்டதில்லை.